பட்டாசாலைக்கு வந்த காதல்: ‘குறிஞ்சி மலர்’ தொலைக்காட்சித் தொடரும் கம்பம் பள்ளத்தாக்கும்

முடிவு தெரிந்த காதல் கதையைப் பார்ப்பதற்கென்று வாராவாரம் வந்து உட்காருகிறவர்கள் எதை எதிர்பார்த்து உட்காருகிறார்கள்? 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூர்தர்ஷன் நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாவலைத் தமிழில் தொடராக ஒளிபரப்பியபோது, அந்தக் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல. ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் ‘கல்கி’ வார இதழில் அவர் அதை எழுதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நாவலைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த தலைமுறை, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் வயதை எட்டியிருந்தது. அரவிந்தன் இறந்துவிடுவான், பூரணி அவன் நினைவோடு தனித்து வாழ்வாள் என்பது படித்தவர்களுக்கும் படித்தவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கும் தெரியும். இருந்தும் மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்த அந்தத் தொடர் இன்றுவரை பேசப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் அமைந்த ஒளிபரப்புக் கோபுரம்தான் தென் மாவட்டங்களின் பெரும்பகுதிக்குத் தூர்தர்ஷனைக் கொண்டுவந்தது. பெரியகுளத்துக்கு நேர் மேலே நிற்கும் அந்த மலைத்தொடரை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிவைத்த வீடுகள், கதையில் பூரணியும் அரவிந்தனும் குறிஞ்சி பூத்திருப்பதைப் பார்த்த அதே கொடைக்கானலிலிருந்து இறங்கிவந்த படத்தைத்தான் பார்த்தன.

பழைய காதல் நாவல்கள் சின்னத்திரைக்கு வரும்போது உண்டாகும் ஈர்ப்புக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கடந்த காலத்தின் மேலுள்ள ஏக்கம். மற்றொன்று, அன்றாடத் தொல்லைகளிலிருந்து கொஞ்ச நேரத் தப்பித்தல். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே பார்க்கிறவரைத் தனி ஆளாகக் கருதுகின்றன. தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கப்பட்ட இடம், பட்டாசாலை எனப்படும் கூடம். அங்கே பாட்டியும் அப்பாவும் மருமகளும் வயது வந்த பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். பெட்டி இல்லாதவர்களுக்கு இருப்பவர் வீட்டு வாசலோ பஞ்சாயத்து டிவியோதான் கதி. இத்தனை பேர் நடுவே பார்க்கத் தக்க காதல் எது என்று கேட்டால்தான் ஈர்ப்பின் காரணம் பிடிபடும். குடும்பத்துக்குள் வாய்விட்டுப் பேச முடியாத காதலை, எல்லோர் முன்னாலும் மரியாதை கெடாமல் பேசுவதற்கு ஒரு வழியைச் செவ்வியல் காதல் நாவலின் தொலைக்காட்சி வடிவம் திறந்துவைக்கிறது. அதன் கவர்ச்சியில் பெரும்பங்கு அந்த வழியில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

‘குறிஞ்சி மலர்’ கதையின் கட்டமைப்பிலேயே இதற்கான முதல் சான்று இருக்கிறது. தமிழ்ப் பேராசிரியரான தந்தையை இழந்த பூரணி, தம்பி தங்கையரை வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறாள். யாருடைய இரக்கத்தையும் கைநீட்டி வாங்க மறுக்கிறாள். மதுரையில் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் அரவிந்தன் அவள் வாழ்வில் வருகிறான். இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் திருமணம் நடப்பதில்லை. இங்கே காதலுக்குத் தடை எது என்று தேடினால், கதவைச் சாத்தும் தகப்பனோ அரிவாள் எடுக்கும் அண்ணனோ அகப்பட மாட்டார்கள். தடை அவர்களுக்குள்ளேயே இருக்கிறது: கடமை, லட்சியம், தங்களைப் பற்றி அவர்களே வைத்திருக்கும் உயர்ந்த எண்ணம், கடைசியில் மரணம். இந்த அமைப்பின் விளைவு பட்டாசாலையில் தெரியும். திரையில் பெரியவர்கள் குற்றவாளிகளாக நிறுத்தப்படவில்லை என்றால், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எழுந்துபோக வேண்டியதில்லை. தந்தையைப் போற்றும் மகளின் காதலை எந்தத் தந்தையும் சங்கடமின்றிப் பார்க்கலாம். அவளுக்காகக் கண் கலங்கவும் செய்யலாம்.

இந்த வட்டாரத்தின் மண உறவு முறையோடு வைத்துப் பார்த்தால் இதன் எடை கூடும். மதுரைக்கு மேற்கே வாழும் பிரமலைக் கள்ளரிடையே 1949-50இல் களப்பணி செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், அங்கே திருமணம் என்பது இரண்டு ஆட்களின் தேர்வாக இல்லாமல் இரண்டு குடும்பங்களின் தொடர் உறவாக இருப்பதை விரிவாக எழுதினார். அத்தை மகள், மாமன் மகன் என்ற முறையும், தாய்மாமன் உரிமையும், தலைமுறை தலைமுறையாக நடக்கும் கொடுக்கல் வாங்கலும் அதன் அடிப்படை. சாதிக்குச் சாதி நுணுக்கங்கள் வேறுபட்டாலும், முறை பார்த்துக் கட்டும் வழக்கம் பள்ளத்தாக்கின் பல சமூகங்களுக்கும் பொது. இப்படிப்பட்ட சமூகத்தில் காதல் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லும் இடம்தான் குறைவு. கேலியாகச் சொல்லலாம், தெம்மாங்கில் பாடலாம், திருவிழாக் கூட்டத்தில் கண்ணால் காட்டலாம். பட்டாசாலையில் உட்கார்ந்து தகப்பனிடம் சொல்ல முடியாது. எந்த முறையிலும் உறவில்லாத இரண்டு பேர், ஒருவருடைய குணத்தை மற்றவர் மதித்து விரும்புகிற கதையை அதே பட்டாசாலையில் அதே தகப்பன் பார்த்து ஒப்புக்கொள்வது இந்தப் பின்னணியில் சின்ன விஷயமல்ல. கதையின் முடிவு முன்பே தெரிந்திருந்ததும் இதற்கு உதவியது. அடுத்து என்ன வரப்போகிறதோ என்று கையைப் பிசைய வேண்டிய நிலை இல்லை. விபரீதமாக எதுவும் வந்துவிடாது என்ற உறுதியை நாவலின் நற்பெயர் முன்கூட்டியே கொடுத்திருந்தது.

தமிழ் அகத்திணை மரபு இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தது. களவில் தொடங்கும் காதல் வீட்டாருக்குத் தெரியவருவதற்கு அது இரண்டு வழிகளை வகுத்தது. அலர் ஒரு வழி: ஊர் வாய் திறந்து பழி தூற்றும், காதல் அவமானமாக வீட்டுக்குள் நுழையும். அறத்தொடு நிற்றல் மற்றொரு வழி: தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்த, படிப்படியாகக் காதல் குடும்பத்தின் அறிவுக்குள் வருகிறது. செய்தி இரண்டிலும் ஒன்றுதான். வந்துசேரும் விதம்தான் வேறு. நம் காலத்து வெகுமக்கள் கலைகளை இந்த இரண்டு வழிகளின் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கலாம். சினிமாக் காதல் பெரும்பாலும் அலரின் தர்க்கத்தில் இயங்குகிறது. ஊர் எதிர்க்க வேண்டும், ஓட வேண்டும், மோத வேண்டும். நாவலிலிருந்து வந்த தொலைக்காட்சிக் காதல் அறத்தொடு நிற்கும் தோழியின் வேலையைச் செய்கிறது. பெரியவர்கள் ஏற்கும் சொல்லில், பெரியவர்கள் ஏற்கும் வேகத்தில், காதலை அது வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

வாசிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். அமெரிக்காவில் ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களை ஆராய்ந்த ஜேனிஸ் ராட்வே, 1984இல் வெளியான தன் நூலில் முக்கியமான ஒன்றைச் சொன்னார். அந்தப் பெண்களுக்குக் கதையின் உள்ளடக்கம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், படிக்கும் செயலே. கணவனும் பிள்ளைகளும் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், புத்தகத்தை விரித்துக்கொள்வது ‘இது என் நேரம்’ என்று அறிவிப்பது. தமிழ்நாட்டிலும் கிளை நூலகத்துப் புத்தகமும், வார இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதையும் பல பெண்களுக்கு அந்தத் தனிமையைக் கொடுத்தன. தொலைக்காட்சி அந்தத் தனிமையைப் பறித்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தது. 1990களில் தில்லியில் தூர்தர்ஷன் பார்க்கும் பெண்களிடையே ஆய்வு செய்த பூர்ணிமா மங்கேகர், அவர்கள் தொடர்களின் பாத்திரங்களை முன்வைத்துத் தங்கள் திருமணத்தையும் குடும்பத்தையும் பற்றிப் பேசியதைப் பதிவுசெய்திருக்கிறார். திரௌபதியைப் பற்றிய பேச்சு பாதியில் தங்களைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். பூரணியைப் பற்றிய பேச்சுக்கும் அதே இயல்பு உண்டு. “தம்பி தங்கச்சிக்காக அவ வாழ்க்கைய ஏன் தொலைக்கணும்?” என்று ஒரு பெண் கேட்டால், அது கதையைப் பற்றிய கேள்வி என்ற பாதுகாப்பு அவளுக்கு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் அதே கேள்வியை அதே இடத்தில் கேட்க முடியாது.

பேச்சுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தந்தது வாராந்திர இடைவெளி. அன்றைய தூர்தர்ஷன் தொடர்களை 13 வாரக் கணக்கில்தான் ஒப்புதல் செய்வது வழக்கம். கலை நோக்கத்தில் எழுந்த ஏற்பாடல்ல அது, அலுவலகக் கணக்கு. ஆனால் நாவலுக்கு அது பொருந்திப்போனது. வார இதழில் அத்தியாயம் அத்தியாயமாகப் பிறந்த கதை, புத்தகமாகி ஒரே மூச்சில் படிக்கப்பட்டு, பிறகு மறுபடியும் வாரத்துக்கு ஒரு பகுதியாகத் தன் பழைய நடைக்குத் திரும்பியது. அதிலும் ஒரு வேறுபாடு உண்டு: இதழை வீட்டில் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது படித்தார்கள், தொடரை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அதனால் அடுத்த ஏழு நாளும் எல்லோரும் கதையின் ஒரே இடத்தில் நின்றார்கள். ஏலத்தோட்டத்துக்குக் குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்பில் போய்வரும் பெண்கள், திராட்சைக் கொடியில் கவாத்து பார்ப்பவர்கள், வயலில் நடவு நடுகிறவர்கள் என்று கூட்டமாகவே வேலை செய்யும் ஊர்களில், எல்லோருக்கும் பொதுவான ஒரு கதை ஒரு வாரத்துக்குத் தாங்கும் பேச்சு. மேலைநாட்டு அனுபவமும் இதற்கு ஒத்துவருகிறது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பிபிசி 1995இல் ஆறே பகுதிகளாகத் தந்தது. டார்சியை எலிசபெத் கடைசியில் ஏற்பாள் என்பது இங்கிலாந்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் அந்த ஆறு வாரமும் நாட்டின் பேச்சு அதுவாக இருந்தது. அதே நாவலைப் பத்தாண்டு முன்பே, 1985இல், ‘திருஷ்ணா’ என்ற இந்தித் தொடராகத் தூர்தர்ஷன் தந்திருந்தது. மகள்களுக்கு வரன் தேடும் தாயின் பதற்றத்தை இந்தியக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு மொழி சார்ந்தது. ‘குறிஞ்சி மலர்’ பாத்திரங்கள் பேசும் தமிழ் ஏட்டுத் தமிழ். அவர்கள் கடிதமும் கவிதையும் எழுதுகிறவர்கள், மேடையில் சொற்பொழிவு செய்கிறவர்கள். கூடலூர்க்காரருக்கும் வருசநாட்டுக்காரருக்கும் இவர்கள் எப்படி நெருக்கமாவார்கள்? நெருக்கமாக வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் பதில். வட்டார வழக்கில் காதலைச் சொன்னால் அது உடனே யாரோ ஒருவரைச் சுட்டும்; எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று மனம் தேடத் தொடங்கிவிடும். அகப்பாடலின் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததன் பயன்களில் ஒன்றாக இதையும் கொள்ளலாம். ஏட்டுத் தமிழின் தொலைவு பார்ப்பவரின் கூச்சத்தைக் குறைக்கிறது. ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்த டச்சுப் பார்வையாளர்களின் கடிதங்களை ஆராய்ந்த ஈயென் ஆங் இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆதரவு தருகிறார். எண்ணெய்க் கோடீஸ்வரர்களின் வாழ்க்கை தங்கள் வாழ்க்கையல்ல என்று தெரிந்தே, அவர்களுடைய உணர்ச்சிகளை உண்மையென்று அந்தப் பார்வையாளர்கள் ஏற்றார்கள். சூழல் அந்நியமாக இருக்கும்போதும் உணர்ச்சி மெய்யாக இருக்க முடியும். பூரணியின் சொற்கள் பள்ளத்தாக்கில் யாரும் பேசாதவை. ஆனால் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் மூத்த பெண் இல்லாத தெரு அங்கே இல்லை.

இரண்டாவது மறுப்பு, ஈர்த்தது நாவலல்ல, நடிகர் என்பது. நாடறிந்த அரசியல் தலைவரின் மகன் கதாநாயகனாக வந்ததால்தான் கூட்டம் கூடியது என்று வாதிடலாம். ஆளின் மேல் உள்ள ஆவல் முதல் வாரத்துக்கு உதவியிருக்கும், ஐயமில்லை. ஆனால் அரவிந்தன், பூரணி என்ற பெயர்கள் பிறப்புப் பதிவேடுகளில் ஏறியது தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முன்பு. ஈர்ப்பின் வேர் கதையில் இருந்தது. நடிகர் அதற்கு முகம் கொடுத்தார். மூன்றாவது மறுப்பு இதைவிட வலுவானது: காதலைக் காட்டச் சினிமாவைவிடச் சிறந்த ஊடகம் உண்டா? அதுவும் பாரதிராஜா பிறந்த அல்லிநகரத்திலும் இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்திலும் நின்றுகொண்டு இதை மறுக்க முடியுமா? மறுக்க வேண்டியதில்லை. தமிழ்க் கிராமத்துக் காதலுக்குத் திரையில் உடலும் குரலும் கொடுத்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள்தான். ஆனால் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) சொல்லும் காதல் ஊரையும் மதத்தையும் உதறிவிட்டு வெளியேறும் காதல். அதை இருட்டுக் கொட்டகையில் வயசுப் பிள்ளைகள் தங்கள் கூட்டாளிகளோடு பார்த்தார்கள். கொட்டகையில் மூன்று மணி நேரத்தில் பொங்கி அடங்கும் உணர்ச்சி வேறு, வெளிச்சமுள்ள வீட்டில் மூன்று மாதம் நீடிக்கும் யோசனை வேறு. நாவலிலிருந்து வந்த படங்களும் இந்த எல்லைக்கு உட்பட்டவையே. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் நல்ல படமாக வந்தது. ஆனால் யமுனாவுக்காகப் பாபு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை, காத்திருப்பாகவே பார்ப்பவருக்கு உணர்த்தும் கால அளவு படத்துக்குக் கிடையாது.

இந்த வாதம் சரியா என்று உரசிப் பார்க்கப் பின்னால் வந்த வடிவங்கள் உதவும். 1993இல் சன் டிவி தொடங்கியது. ஏறத்தாழப் பத்தாண்டில் ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ போன்ற நெடுந்தொடர்கள் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டன. 2006க்குப் பின் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியதோடு, அடுத்த வீட்டு வாசலில் நின்று பார்க்கும் காலம் முடிந்தது. நெடுந்தொடரும் குடும்பமாகப் பார்க்கப்பட்டதுதான், அதைப் பற்றியும் ஊர் பேசியதுதான். ஆனால் விளம்பர வருமானத்தில் ஓடும் தொடர் முடிவை ஒத்திப்போட்டுக்கொண்டே போக வேண்டியிருப்பதால், காதல் அங்கே கல்யாணத்தோடு சுருங்கி, பகையும் சூழ்ச்சியும் வளர்கின்றன. ‘இவர்கள் செய்தது சரியா?’ என்ற கேள்வி, முழுக் கதையும் தெரிந்தால்தான் எழும். முடிவில்லாத கதையில் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்விக்கு மட்டுமே இடம். கைபேசியில் ஓடும் இணையத் தொடர்களோ நேர்மாறு. முடிவு உண்டு, தரமும் பல நேரம் உண்டு. ஆனால் ஒரே இரவில் ஒருவர் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு பார்த்து முடிக்கிறார். ராட்வே சொன்ன தனிமை திரும்பிவிட்டது, பட்டாசாலை காலியாகிவிட்டது. முடிவுள்ள கதை, வார இடைவெளி, கூடிப் பார்க்கும் வீடு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தது கொஞ்ச காலம்தான். அந்தக் கொஞ்ச காலத்துத் தொடர்கள் இன்றும் நினைவில் நிற்பதற்கு வெறும் ஏக்கத்தைக் காரணம் காட்டுவது போதாது.

எல்லாவற்றிலும் கடுமையான மறுப்பு ஒன்று மீதமிருக்கிறது. மரியாதைக்குரிய காதல் என்று எதைச் சொல்கிறோமோ, அது சாதியைத் தொடாத காதல். ‘குறிஞ்சி மலர்’ ஒளிபரப்பான காலத்தை ஒட்டி, 1989இல், போடிப் பகுதியில் பெரும் சாதிக் கலவரம் வெடித்து உயிர்கள் பலியாயின. சாதி கடந்த உறவு என்ற பேச்சே தீப்பொறியாகக்கூடிய பள்ளத்தாக்கில், லட்சியக் காதலைப் பார்த்துக் கண் கலங்குவது எளிது. அந்தக் கண்ணீர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. இந்த மறுப்பில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அறத்தொடு நின்ற தோழி, வீட்டார் ஏற்கக்கூடியதைத்தான் கொண்டுவந்தாள். பெரியவர்கள் எழுந்துபோகாமல் இருப்பதற்கு நாவல் கொடுத்த விலை, அவர்கள் எழுந்துபோகும் கேள்வியைக் கேட்காமல் விட்டது. ஆனால் இதிலிருந்து ஈர்ப்பே பொய் என்ற முடிவுக்குப் போவது தவறு. முறை உறவுக்கு வெளியே, குணத்தை மட்டும் பார்த்து ஒருவரை விரும்பலாம் என்பதைப் பட்டாசாலை ஒப்புக்கொண்டது. ஒரு பெண் தன் வாழ்வைத் தானே முடிவுசெய்யலாம் என்பதை அது விவாதித்தது. இவை சாதியைத் தகர்க்கவில்லை. சாதிக் காவலின் கீழ் திருமணம் எந்தக் கருத்துகளின் மேல் நிற்கிறதோ, அவற்றில் ஒன்றிரண்டைப் பேச்சுக்கு எடுத்தன. எல்லையைச் சுட்டிக்காட்டும் விமர்சனம், அந்த எல்லைக்குள் நடந்ததை இல்லையென்று ஆக்கிவிடாது.

இந்த வாதம் சரியானால் அதிலிருந்து செயலுக்குரிய முடிவு ஒன்று கிடைக்கிறது. பழைய காதல் நாவல்களைத் திரும்பவும் திரைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பொதுவாக உடை, வீடு, விளக்கு என்று பழமையின் அலங்காரத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஈர்ப்பின் இருப்பிடம் அதுவல்ல என்றால், கவனம் செல்ல வேண்டியது வேறிடம்: பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடியும் அளவு, வாரத்துக்கு ஒரு பகுதி என்ற ஒழுங்கு, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து கேட்கக்கூடிய மொழி. இதை வைத்துக்கொண்டு, கேட்கப்படாமல் விடப்பட்ட கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) சாதி கடந்து மணந்த இளம் தம்பதியின் கதை. அளவில் சிறியது, அடுக்கடுக்காக இறுகுவது, முடிவை முன்கூட்டியே அஞ்சவைப்பது. அதைப் பத்து வாரத் தொடராக்கி, தேனி மாவட்டத்து வீடுகளின் மாலை நேரத்தில் வைத்தால் என்ன நடக்கும்? எந்த வாரத்தில், எந்தக் காட்சியில், யார் எழுந்துபோகிறார்கள், யார் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள், மறுநாள் ஜீப்பில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் ‘குறிஞ்சி மலர்’ திறந்த கதவு எவ்வளவு அகலமானது என்பதை அளந்து காட்டிவிடும். காதல் நாவல்களைத் தொலைக்காட்சிக்கு எடுப்பது வெறும் மெல்லுணர்ச்சி வியாபாரம் என்று ஒதுக்குகிறவர்களும், அது சமூகத்தைப் பண்படுத்துகிறது என்று நம்புகிறவர்களும் தங்கள் கருத்தை உறுதிசெய்துகொள்ள அதைவிட நேர்மையான சோதனை இல்லை.